கெண்டியில் மிஞ்சிய கஞ்சி

அருங்காட்சியகத்தின் உணவகத்தில் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். சூப்பும் சாண்ட்விச்சும் போடுகிற மனிதருக்கு அது கொஞ்சம் பெரிய பட்டம்தான். ஆனால் தொல்லியல் ஆய்வாளர் மேடம் இந்த முறை கொடுத்த வேலைக்கு அந்தப் பட்டமே போதாது. ஊரோரத்து மேட்டைத் தோண்டியதில், மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய வீடொன்றின் அடுப்பருகே ஊற்றுவதற்கு மூக்கு வைத்த, உள்ளங்கை அளவு கெண்டி கிடைத்திருந்தது. உள்ளே காய்ந்து ஒட்டியிருந்ததைச் சுரண்டிச் சோதித்து, என்னென்ன போட்டுக் காய்ச்சினார்கள் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அதை மாஸ்டர் அப்படியே சமைக்க வேண்டும். திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் முகர்ந்து, ருசித்துப் பார்ப்பார்கள்.

"கண்ணாடிப் பெட்டி முன்னாடி யாரும் ரெண்டு நிமிஷம் நிக்கறதில்ல மாஸ்டர். நாக்குல பட்டாதான் மறக்க மாட்டாங்க," என்றார் மேடம்.

பார்லி, பால், வெண்ணெய், தேன், அத்திப்பழம், கொட்டைப் பருப்பு. இத்தனையும் ஒரே கஞ்சியில் என்றால் பெரிய இடத்துச் சமாச்சாரம் என்று அறிஞர்கள் கூடிப் பேசி முடிவு செய்து, 'செல்வர் வீட்டு விருந்துக் கஞ்சி' என்று விளக்க அட்டையும் அடித்துவிட்டார்கள். கஞ்சி காய்ச்சுகிறவனை யாரும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கஞ்சி, அதே அளவில் செய்துகொடுத்த மாதிரிக் கெண்டியின் மூக்கிலேயே அடைத்துக்கொண்டது. மூன்றாம் நாள் எல்லாவற்றையும் மைய அரைத்து, துணியில் இரண்டு தடவை வடிகட்டி, வெதுவெதுப்பாக ஆறவிட்டு, மாதிரிக் கெண்டியைச் சாய்த்தார். நூல் பிடித்தாற்போல் இறங்கியது. கூடவே அந்த வாசனையும் வந்தது. மாஸ்டர் கெண்டியை நிமிர்த்தி வைத்துவிட்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் வீடே இந்த வாசனையில்தான் கிடந்தது. அவர்களுடைய மூன்று வயது மகள் நோயில் சோற்றை வெறுத்தபோது, அவர் மனைவி வீட்டில் இருந்த நல்லது எல்லாவற்றையும் இப்படித்தான் அரைத்து வடிகட்டினாள். ஒரு சொட்டாவது உள்ளே போகாதா என்று. குழந்தையின் கடைசிக் காலையில் அவர் இங்கே யார் யாருக்கோ முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். அன்று என்ன நடந்தது என்று மனைவி இதுவரை சொன்னதில்லை. அவரும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார். ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாகத் துக்கப்பட்டார்கள்.

நேரே மேடத்திடம் போனார்.

"மேடம், அந்தக் கெண்டிக்குள்ள கறை எதுவரைக்கும் இருந்துச்சு?"

"வாய்வரைக்கும். ஏன்?"

"அப்ப யாரும் குடிக்கலை. இத்தனூண்டு மூக்குக் கெண்டில விருந்தா வெப்பாங்க மேடம்? சாப்பிட மாட்டேங்கற குழந்தைக்குக் காய்ச்சினது."

"இருக்கலாம். ஆனா ஆதாரம் வேணுமே மாஸ்டர்?"

"எங்க வீட்ல இருந்துச்சு மேடம்."

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனசுக்காரர்தான். ஆனாலும் அட்டை மாறவில்லை. சோதனைச்சாலைச் சீட்டுக்கு இருக்கிற மரியாதை பெற்றவன் வாய்க்கு எங்கே இருக்கிறது?

திறப்பு விழாவில் நல்ல கூட்டம். சின்னக் கோப்பையில் வாங்கி, "அருமை", "அந்தக் காலத்துப் பணக்காரங்க குடுத்து வெச்சவங்க" என்று சப்புக்கொட்டினார்கள். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றினார். வரிசையில் நீண்ட ஒரு கை அவருக்குத் தெரிந்த கை. ஊழியர் குடும்பங்களுக்கும் அழைப்பு போயிருந்தது. ஆனால் மகள் போனதிலிருந்து வாசல் தாண்டாத மனைவி வருவாள் என்று அவர் நினைக்கவே இல்லை.

கோப்பையை முகர்ந்ததுமே அவள் முகம் மாறிவிட்டது.

"ரெண்டு தடவை வடிகட்டினீங்களா?"

"ம்."

அவள் அட்டையைப் படித்தாள். "விருந்தாம்," என்றாள். "இதைக் காய்ச்சின பொம்பள என்ன பாடு பட்டாளோ."

பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். அவள் நகரவில்லை. கோப்பையைப் பார்த்தபடியே பேசினாள்.

"அன்னிக்குக் காலையில நாலு ஸ்பூன் குடுத்தேன். நாலையும் துப்பிட்டா. எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. கோவம் வந்துடுச்சுங்க. 'முழுங்கித் தொலையேன்டி'ன்னு கத்திட்டேன். பயந்துபோயி, என்னையே பாத்துக்கிட்டு அஞ்சாவது ஸ்பூனை முழுங்கினா. அப்புறம் கண்ணை மூடினவதான்."

இதைத்தான் இரண்டு வருஷமாகக் கேட்டுக் குடைந்தார். கேட்காமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றியது. உன் மேல் தப்பில்லை என்று டாக்டரிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லாரும் அவளிடம் சொல்லியாகிவிட்டது. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மேசையைச் சுற்றி வந்து அவள் கையைப் பிடித்தார்.

"அப்ப வெறும் வயித்தோட போகலை," என்றார்.

இரண்டு வருஷமாக அழாதவள், அத்தனை பேர் முன்னாலும் அவர் தோளில் முட்டிக்கொண்டு அழுதாள்.

"ஒரு வாய்தாங்க," என்றாள். "ஒரே வாய்."