ஒரு வாய்க்கு ஒரு கேள்வி

என் வீட்டுக்காரர் குலாம் ரசூல் சாப்பிடுவதைப் பார்த்தால், பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறார் என்று நினைப்பீர்கள். நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் தட்டு காலி. அப்புறம் இன்னொரு தட்டு. உடம்பும் ஏறியது, சர்க்கரையும் ஏறியது. போதாததற்குக் கண்ணில் புரை. செங்கம் ரோட்டில் தையல் கடை வைத்திருப்பவருக்குக் கண் தெரியவில்லை என்றால் பிழைப்பு என்ன ஆவது? சர்க்கரை குறையாமல் ஆபரேஷன் இல்லை என்று டாக்டர் அருணாதேவி கறாராகச் சொல்லிவிட்டார்.

"பாய், மாத்திரை மட்டும் போதாது. குடல்லேருந்து மூளைக்கு நரம்பு போவுது. 'போதும்'னு சேதி சொல்றதுல அதுக்குப் பெரிய பங்கு. சேதி போய்ச் சேர இருபது நிமிஷம் ஆவும். அதுக்குள்ள நீங்க ரெண்டு தட்டு முடிச்சிடுறீங்க. மெதுவா சாப்பிடுங்க."

மெதுவாகவா? இவரா? நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு வாய்க்கு ஒரு கேள்வி. பதில் சொன்னால்தான் அடுத்த வாய். கல்யாணமான நாளிலிருந்து "ம்" என்பதைத் தாண்டிப் பேசாத மனுஷன், திருதிருவென்று முழித்தார். நானா விடுவேன்? கடைக்கு யார் வந்தார்கள், அவர் தங்கை ஏன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எல்லாம் கேட்டேன். தங்கை விஷயத்துக்கே கால் மணி நேரம் போனது. ஒரே தட்டோடு எழுந்துவிட்டார். தினமும் அப்படியே நடந்தது. சட்டை தொளதொளத்தது.

ஒருநாள் எனக்குக் கேள்வி தீர்ந்துபோனது.

"இத்தனை வருஷமா ஏன் அப்படி அள்ளிப் போட்டுக்கிட்டீங்க? யாரு துரத்துனாங்க?"

கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். "கோவிச்சுக்காத ரசியா. உன் தால்சா குழம்பு நாக்குல நிக்காம உள்ள போயிடணும்னுதான்."

"அப்ப ரெண்டாவது தட்டு?"

"அது மோர் சோறு. அது நல்லாருக்கும்."

எனக்கு வந்த கோபத்தில் கரண்டி பறந்திருக்கும். அழுகையும் வந்தது. இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லாமல் விழுங்கியிருக்கிறாரே, பாவி மனுஷன். பக்கத்து வீட்டு நூரைனிடம் தால்சா கற்றுக்கொண்டுதான் மறுவேலை என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன்னால் டாக்டரிடம் போகவேண்டிய நாள் வந்தது. சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்தார். எனக்கு உயிரே திரும்பி வந்தது.

"என்ன பண்ணீங்களோ, அதையே பண்ணுங்க," என்றார் டாக்டர். "ஆபரேஷன் முடியிற வரைக்கும் வீட்டு சாப்பாட்டுல எதையும் மாத்தாதீங்க."

குலாம் ரசூல் என்னைப் பார்த்தார். அப்புறம், யாரும் கேள்வி கேட்காமலே வாயைத் திறந்தார்.

"எதையுமே மாத்த வாணாமா டாக்டரம்மா? தால்சாவக்கூடவா?"