நாலு கோடு

அப்பா இறந்து பதினேழாம் நாள், அவர் லிஃப்ட் ஓட்டிய கட்டடத்துக்குப் போய் அவருடைய சாப்பாட்டு டப்பாவையும் சீருடையையும் வாங்கிக்கொண்டு திரும்பும்போதுதான் அந்த மரக்கடிகாரத்தை முதன்முதலாகப் பார்த்தேன். ஆள் உயரம், எப்போதோ செய்தது. ஆனால் தெரிந்த முகம். அப்பா வரைந்த அதன் படம் எங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. நாலு மணி இருக்கும் இடத்துக்குப் பார்வை போனதும் கால் நின்றுவிட்டது. நேர்க்கோடுகள். எண்ணிப் பார்த்தேன். நாலு.

போன வருடம், என் பள்ளிக்கூட வண்ணப் பெட்டியில் மிஞ்சியதைக் கரைத்து எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் வரைந்தார். பழுப்பின் மேல் பழுப்பாக மூன்று பூச்சு. காய்ந்த தூரிகையை இழுத்து மரத்தின் ரேகை. பெண்டுலத்துக் கண்ணாடி பளபளக்கத் தாளை அப்படியே வெள்ளையாக விட்டிருந்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இதெல்லாம் இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தப்பு மட்டும் தெரிந்தது. அதற்குத்தான் படித்தேன்போல, குடும்பத்தின் முதல் பட்டதாரி.

"பட்டதாரியம்மா, எப்படி இருக்கு?"

"நாலு தப்புப்பா. ரோமன் நாலுன்னா ஒரு கோடு, பக்கத்துல 'வி'. நீ பாட்டுக்கு நாலு கோடு இழுத்து வெச்சிருக்க. இதுகூடத் தெரியாதா?"

"அங்க அப்படித்தானே..." என்று இழுத்தார். "சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பிளேடால் சுரண்டி, நான் சொன்னபடி எழுதினார். மறுபடி என்னிடம் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

"என்னம்மா, நீயும் கடிகாரத்த முறைக்கிற?" வாசல் காவலர் பக்கத்தில் வந்து நின்றார். "உங்கப்பா இது முன்னாடி நின்னா, மாமியார் வீட்டுச் சீதனமாய்யான்னு ஓட்டுவோம். லிஃப்ட்ல ஏறுற ஒருத்தர விடமாட்டாரு. 'கடிகாரத்துல நாலு தப்பு சார், எம்பொண்ணு கண்டுபிடிச்சிச்சு'ம்பாரு. மேனேஜர் சிரிச்சிட்டாரு. 'பழைய கடிகாரத்துல நாலு கோடுதான்யா போடுவாங்க'ன்னாரு. மனுசன் கேக்கணுமே! 'இல்ல சார், எம்பொண்ணு படிச்சது'ன்னாரு."

டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் படத்தை எடுத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். பெண்டுலத்துக் கண்ணாடி தவிர எங்கும் பழுப்பு. சுரண்டித் தேய்ந்த அந்த ஓரிடத்தில் மட்டும் வெயில் ஊடுருவியது. நான் சொல்லி எழுதிய 'வி'க்கு அடியில், பிளேடுக்கும் போகாமல் தாளுக்குள் இறங்கிவிட்ட கோடுகள் மங்கலாகத் தெரிந்தன.

எண்ணினேன்.