பன்னிரண்டாவது கரண்டி

சித்திரபுரத்தில் பொய் பேசாத ஆள் நான் ஒருவன்தான். நாற்பது வருடம் எஸ்டேட் பங்களாவில் பட்லராக இருந்தேன். ஒருமுறை ஒற்றைக்கொம்பன் யானை ஜன்னல் வழியே தும்பிக்கையை நீட்டி முள்ளுக்கரண்டி ஒன்றைக் கொண்டுபோய், மூன்றாம் நாள் கழுவித் திருப்பி வைத்தது. கழுவியது சரியில்லை. நான்தான் மறுபடி கழுவினேன். கரண்டி விஷயத்தில் என் சொல்லுக்கு மறுசொல் கிடையாது என்பதற்காகச் சொல்கிறேன்.

அதனால்தான் மாரித்தாய் மதினி துணிமூட்டையோடு என்னிடம் வந்தாள். காலமான அவள் புருஷன், என் பெரியப்பா மகன், அதே பங்களாவில் சமையல்காரர். ஒரு துரை ஊரைவிட்டுப் போகும்போது அவருக்குக் கொடுத்த பன்னிரண்டு கரண்டிகள் அதில் இருந்தன. மதினி, கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக நேர்ந்திருந்தாள். கண் தெரிந்துவிட்டது. வரும் செவ்வாய் கோயில் கொடை விழா. கரண்டிகளை உருக்கிக் கண்மலர் செய்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

"கொழுந்தனாரே, யானைக் கதை விடாம பாத்துச் சொல்லும். வெள்ளிதானே?"

முகத்தைப் பார்த்துக் கரண்டிக்கு மதிப்புச் சொல்பவன் ஏமாளி. முதுகைத் திருப்பிப் பார்த்தேன். பதினொன்றின் முதுகும் ஆற்றுக்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. மேசையில் படும் குழிவின் அடியில் மஞ்சள் தட்டியிருந்தது.

"காம்புக்குப் பின்னால முத்திரை இருக்குமே, எங்க மதினி?"

"அந்த அழுக்கா? வெள்ளிக்கிழமை தவறாம புளியும் செங்கப்பொடியும் போட்டுத் தேச்சேன். முப்பது வருசம்! போகாம இருக்குமா?"

பெருமையாகத்தான் சொன்னாள்.

பன்னிரண்டாவது, கரிக்கட்டை போலக் கறுத்துக் கிடந்தது. கோழிக்கு மருந்து புகட்டிய கரண்டி என்று அதை மட்டும் தேய்க்காமல் ஒதுக்கியிருந்தாள். ஊதி, வேட்டி முனையால் மெல்லத் துடைத்தேன். நாலு சின்னக் கட்டம், கட்டத்துக்கு ஓர் எழுத்து: ஈ, பி, என், எஸ். பக்கத்தில் 'ஏ 1' என்று.

"நிக்கல் கலந்த உலோகம் மதினி. மேல கரண்டு வச்சு வெள்ளி பூசியிருக்கான். ஏ ஒண்ணுன்னா கெட்டிப் பூச்சு."

"உருக்குனா?"

"பொக வரும்."

அவள் முகம் சுருங்கிவிட்டது. "அம்மனுக்கு என்ன பதில் சொல்லுவேன்? குடுத்த கண்ணத் திருப்பிக் கேட்டுட்டாள்னா?"

அந்த நேரத்தில் நான் சிரிக்கவில்லை. சாட்சி இல்லை, ஆனாலும் உண்மை.

மூட்டையோடு ஜெகனிடம் போய் நேர்த்திக்கடன் விஷயத்தைச் சொன்னோம். ஹோம்ஸ்டே நடத்துகிறவன், பழைய பங்களாச் சாமான் என்றால் உயிரை விடுவான். பதினொன்றையும் புரட்டிப் பார்த்துத் தள்ளி வைத்தான்.

"முத்திரையும் இல்ல, பூச்சும் போச்சு மாமா."

கறுப்புக் கரண்டியைத் திருப்பியதும் எழுந்து உள்ளே ஓடினான். ஒரு பெட்டியைக் கொண்டுவந்து திறந்தான். பன்னிரண்டு பள்ளம், பதினோரு கரண்டி. காம்பில் அதே சிப்பி வேலைப்பாடு, அதே நாலு கட்டம்.

"இந்த ஒண்ணு இல்லாம நாலு வருசமாத் தேடுதேன் அத்த. ஒரு ஜோடிக் கண்மலருக்கு உள்ள பணத்தத் தாரேன். எனக்கே குடுங்க."

மதினி கையை நீட்டினாள். "இருப்பா, கொஞ்சம் புளி போட்டுத் தேச்சுத் தந்துருதேன்."

நானும் ஜெகனும் போட்ட சத்தத்தில் லெச்சுமி எஸ்டேட் வரைக்கும் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்களாம்.

செவ்வாய்க்கிழமை பூசாரி கண்மலருக்காகக் கை நீட்டினார். மதினி கொடுக்கவில்லை. திருப்பி, புதுக் கண்ணுக்கு நேரே பிடித்து, முதுகைப் பார்த்தாள். முத்திரை இருந்தது. பிறகுதான் கொடுத்தாள்.

"சாமி, இதப் புளி போட்டுத் தேச்சீருன்னா, அம்மன் சும்மா இருந்தாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்."