கிணற்றடியில் அழுதவள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் வருடம் ஆடி மாதம் பகவதியம்மாள் இரண்டாகப் பிரிந்தாள். மயிலாடிப் பக்கம் யாருக்கும் அதில் பெரிய ஆச்சரியம் இல்லை. அந்த வாரம் தேங்காய் விலை இறங்கியதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

அவளுடைய ஒரே மகன் தாணுலிங்கம் சித்திரையில் காய்ச்சல் கண்டு இறந்திருந்தான். உப்பு இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றுக் காவி கட்டிக்கொண்ட குமாரதாஸ் சுவாமி துக்கம் கேட்க வந்தார். இரண்டு தம்ளர் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு, அழுகிறவள் நீ அல்ல, அழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவளே நீ என்று உபதேசம் செய்தார். வைத்தியர் சொன்ன பத்தியத்தை ஒரு கடுகு பிசகாமல் கடைப்பிடிக்கிற குடும்பம் அவளுடையது. இதையும் சொன்னபடியே செய்தாள். மறுநாள் விடிந்தபோது அழுகிறவள் கிணற்றடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்த்துக்கொண்டிருப்பவள் அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

முதலில் எல்லாம் வசதியாகவே இருந்தது. வீட்டுக்காரிக்குக் கண்ணீர் இல்லை, நெஞ்சடைப்பு இல்லை. வாழைத்தோப்புக் குத்தகையை முன்னைவிடக் கறாராகப் பேசினாள். கிணற்றடிக்காரிக்கு ஊரில் கிராக்கி. எந்த இழவு வீட்டுக்கும் அவளையே கூப்பிட்டார்கள். சொந்த மருமகள்களுக்கு வராத அழுகை அவளுக்கு வந்தது. ஜனத்தொகை எடுக்க வந்த வாத்தியார் வீட்டில் பெண்கள் இருவர் என்று எழுதிக்கொண்டு போனார். சுவாமி எல்லாம் தன் உபதேசத்தின் பலன் என்று சுசீந்திரம் வரைக்கும் பெருமையடித்தார். தனக்கு முதுகில் கட்டி வந்தபோது கட்டி வேறு தான் வேறு என்று பிரிக்கப் பார்த்தார்; கட்டி ஒத்துக்கொள்ளவில்லை. அவர் போட்ட கூப்பாடு அடுத்த தெருவரை கேட்டது.

வருடங்கள் போனபின் கோளாறு கறியில் தொடங்கியது. பக்கத்து வீட்டுச் செல்லபாய் புளிக்கறியை நக்கிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, உப்பு போட மறந்திட்டியா?" என்றாள். கல்லுப்பை அள்ளிப் போட்டும் உப்பு ஏறவில்லை. "உன் பயல் இருந்தாம்னா சட்டியத் தூக்கி எறிஞ்சிருப்பான்." சிரிக்க வாய் திறந்த பகவதியம்மாளுக்கு அவன் முகம் நினைவுக்கு வரவில்லை. மூக்கு எப்படி, மச்சம் எந்தக் கன்னத்தில், ஒன்றும் இல்லை. உள்ளே கழுவிக் கவிழ்த்த சட்டிபோல் இருந்தது. கிணற்றடிக்கு ஓடினாள். அழுகிறவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆனால் ஊரார் இழவுக்கெல்லாம் அழுது மெலிந்து, அவள் உடம்பின் வழியாகத் துவைகல் தெரிந்தது.

சுவாமி வந்து பார்த்துப் பரவசப்பட்டார். அவள் முழுசாகக் கரைந்துவிட்டால் மோட்சம் என்றார்.

"அவ போனா எம் பிள்ளையுமில்லா போவான்," என்றாள் பகவதியம்மாள். "ஒம்ம மோட்சத்த நீரே வச்சுக்கிடும்."

அழுகிறவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அய்யாவைக் கும்பிடுகிற நிழல் தாங்கலுக்கு நடந்தாள். காய்ந்த ஓலைக்கட்டின் கனம்கூட இல்லை. அங்கே கும்பிடச் சிலை கிடையாது, கண்ணாடிதான். அதில் தெரிகிற தன்னையே கும்பிட வேண்டும். இருவரும் நின்றார்கள். கண்ணாடியில் ஒருத்திதான் இருந்தாள். நாமம் போட விரலில் திருமண்ணோடு வந்த பணிவிடைக்காரர் பொன்னுலிங்கம் கண்ணாடியைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார்.

"ஊருக்கு ரெண்டு பேரு. அய்யா ஒண்ணுன்னு காட்டுகாரு. நான் எந்த நெத்தியில போட?"

அழுகிறவள் மற்றவளின் தோளைத் தொட்டாள். "இனி நீ அழு மக்கா. நான் பாத்துக்கிடுகேன்."

பகவதியம்மாள் அழுதாள். மச்சம் இடது கன்னத்தில், காதோரம். பொன்னுலிங்கம் ஒரே நாமம் போட்டார். தர்மச் சோற்றுக்கு ஒரே இலை போட்டார்கள்.

ஐம்பத்தாறில் ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது அவள் அழுதுகொண்டே குத்தகை பேசிக்கொண்டிருந்தாள். கறியில் இப்போது உப்பு கூடுதல் என்று செல்லபாய்க்குக் குறை. ஆனாலும் கிண்ணத்தை நீட்டாமல் இருந்ததில்லை.