நிற்காத கோணம்

கல்லூரி பஸ் நாலரைக்குப் புறப்படும். நாலு மணிக்கே லேப் உதவியாளர் குப்பு வந்து அங்கே உள்ள கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக அணைத்துவிடுவார். கணக்கு எந்த நிலையில் இருந்தாலும் சரி. சிதம்பரத்துக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் இருந்த அந்தக் கல்லூரியில் எந்தக் கணக்கும் ஒரு பகலைத் தாண்டி ஓடியதில்லை.

ஜோதிலட்சுமியின் கணக்கும் அப்படித்தான் நின்றது. எம்.இ. கடைசி வருஷம். ஜெட் விமானத்தின் பின்னால் சூடான காற்றைப் பீய்ச்சும் குழாய்க்கு நாசில் என்று பெயர். அதன் மேல்சுவரில் ஒரு கீறல் போட்டு, அதன் வழியே கொஞ்சம் காற்றை உள்ளே விட்டால் பெரிய காற்று கீழே சாயும். குழாய் அசையாமலே விமானம் திரும்பும். எத்தனை டிகிரி சாயும் என்பதுதான் அவள் ப்ராஜெக்ட். கம்ப்யூட்டர் ஒரு விடையை எடுத்துக்கொண்டு திருத்தித் திருத்திப் போகும். போகப் போக எண் ஒரே இடத்தில் நின்றுவிட வேண்டும். குப்பு வந்தபோது பன்னிரண்டு என்று இருந்தது. வெளிநாட்டில் யாரோ சோதனை செய்து வெளியிட்டிருந்ததும் பன்னிரண்டுதான். அவளுடைய கைடு சௌந்தரம் மேடம் அந்த வாரமே கருத்தரங்குக்குக் கட்டுரை அனுப்பிவிட்டார்.

மாசி மகத்துக்கு முந்தின நாள் குப்புவுக்குக் கிள்ளைக் கடற்கரைத் தீர்த்தவாரிக்குப் போகிற அவசரம். அதே கணக்கை மறுபடி ஓட்டிக்கொண்டிருந்த ஜோதியின் கம்ப்யூட்டரை அணைக்க மறந்துவிட்டார். லீவு முழுக்க அது ஓடியது. அதிசயமாகக் கரண்ட்டும் போகவில்லை.

திரும்பி வந்து பார்த்தால் திரையில் எட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்பது. மதியம் பதினாலு. பிறகு மறுபடி கீழே. அந்த எண்ணை வரைந்துகாட்டும் கோடு லீவு முழுக்க ஏறி இறங்கியபடியே வந்திருந்தது. பன்னிரண்டு, அது கடந்து போகிற ஓர் இடம்.

"பன்னெண்டு வர்றப்ப புடிச்சு நிறுத்திடு," என்றான் பக்கத்து சீட் ஹரிஷ். "எங்கப்பா எங்கக்காவுக்கு அப்படித்தான் ஜாதகம் பாத்தாரு. பொருத்தம் வர்ற வரைக்கும் ஜோசியர மாத்திக்கினே இருந்தாரு."

"உங்கக்கா நல்லாருக்காங்களா?"

"அத எங்க மாமாவத்தான் கேக்கணும்."

பஸ்ஸில் நோட்டைப் பிரித்தாள், மூடினாள். ஆலப்பாக்கத்தில் மறுபடி பிரித்தாள். அகல ரயில் பாதைக்காகப் பழைய தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். அவள் ஊர் முதுநகர் வந்தது தெரியவில்லை. டிரைவர் கூப்பிட்டுத்தான் இறங்கினாள்.

பெங்களூர் கம்பெனி ஜூலையில் சேரச் சொல்லியிருந்தது, டிகிரியோடு. அம்மா அமிர்தம் சூட்கேஸ்கூட வாங்கிவிட்டாள்.

"பாஸாயிடுவ இல்ல?"

"ஏம்மா?"

"சோத்துல கைய வெச்சிக்கினு ஒக்காந்திருக்கியே."

சௌந்தரம் மேடம் கோட்டைப் பார்த்தார். "ஆடுதுன்னா செட்டிங்ல எங்கியோ தப்பு. ஃபர்ஸ்ட் ஆர்டர்ல ஓட்டிப் பாரு."

அது கொஞ்சம் முரட்டுக் கணக்கு. சின்ன அசைவுகளைத் தேய்த்துவிடும். ஓட்டினாள். குப்பு வருவதற்குள் கோடு படுத்துவிட்டது. பன்னிரண்டு. அசையவில்லை.

"பாத்தியா? சும்மா பயந்துட்ட," என்று மேடம் அவள் தோளைத் தட்டினார். அவருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது போலிருந்தது.

ஜோதி இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பழைய படத்தில் கீறலுக்குப் பின்னால் சுழல்கள் பிறந்து, பிய்ந்து போய்க்கொண்டிருந்தன. புதியதில் ஒன்றுகூட இல்லை. கணக்குக்காகக் குழாயைப் பிரித்திருந்த கட்டங்களை இன்னும் சிறிதாக்கிப் பழைய முறையிலேயே மறுபடி ஓட்டினாள். ஆட்டம் குறையவில்லை, கூடியது. மேடத்திடம் சொன்னாள். "ரிவ்யூ முடியட்டும்," என்றார் அவர்.

ரிவ்யூவுக்குச் சென்னையிலிருந்து திருநாவுக்கரசு என்ற தேர்வாளர் வந்திருந்தார். படுத்த கோட்டைப் பார்த்துத் தலையாட்டினார். பேனா மதிப்பெண் தாளுக்குப் போனது.

"அழகா நிக்குதே. பெரிய பிரச்சினை ஒண்ணும் வரலியா?"

மேடம் ஜன்னலைப் பார்த்தார்.

"தானா நிக்கல சார்," என்றாள் ஜோதி. "நிக்க வெச்சோம்."

ஆடுகிற கோட்டைக் காட்டினாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

"காத்தே ஆடுதுன்னா நேரத்தையும் சேத்தில்ல கணக்குப் போடணும்? எவ்ளோ நாளாகும்?"

"இந்த மெஷின்ல மாசக்கணக்குல ஆகும் சார்."

"அப்ப நவம்பர்ல வாம்மா." பேனாவை மூடினார்.

வராந்தாவில் மேடம் நின்றார். "எங்கிட்ட சொல்லிட்டு சொல்லியிருக்கலாம்."

"சொன்னேன் மேடம்."

மேடம் நடந்தார். கொஞ்சதூரம் போய்த் தனக்குள் சொல்வது போலச் சொன்னார்: "கட்டுரைய வாபஸ் வாங்கணும்."

ஜோதி லேபுக்கு வந்து புதுக் கணக்கைத் தொடங்கினாள், நேரத்தையும் சேர்த்து. அம்மாவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. குப்பு வந்தார். ஸ்விட்சில் கை வைத்தார்.

"இத மட்டும் விட்டுடுங்கண்ணே."

"மேடம் சொன்னாங்களா?"

"இன்னும் இல்ல."

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. குப்பு திரையையும் அவளையும் பார்த்தார்.

"பஸ்ஸு போயிடும் பாப்பா."

"டவுன் பஸ்ல போயி மாறிக்கிறேன்."

"சரி. நான் மறந்துட்டேன்னு வெச்சிக்க," என்று கையை எடுத்துவிட்டு அடுத்த கம்ப்யூட்டருக்குப் போனார்.

பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது. திரையில் பதினொன்று. பத்து.