கறுப்புத் துணிக்குள் மரிவிக்

என் மருமகள் மரிவிக்கை நான் வாய் ஓயாமல் திட்டுவேன். சோறு குழைந்தால் திட்டுவேன், காயப்போட்ட துணியை எடுக்க மறந்தால் திட்டுவேன். அது என் உரிமை. எதிர்வீட்டு ருபெர்தோவுக்கு அந்த உரிமையை யார் கொடுத்தது?

மருந்துக்கடை வேலை முடிந்து வந்ததும் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவாள். கிறிஸ்துமஸ் போனஸில் மற்றவர்கள் தங்கம் வாங்கினால் இவள் மூன்று கால் வைத்த ஒரு சின்னத் தொலைநோக்கி வாங்கினாள். மணிலாவை ஒட்டிய எங்கள் மரிகினாவில் வானம் இரவெல்லாம் ஆரஞ்சுச் சாயம் கரைத்த மாதிரி இருக்கும். நட்சத்திரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இதில் என்னடி தெரியும் என்று கேட்டால், இருப்பதை ஒழுங்காகப் பார்க்கவே ஆயுசு போதாது என்பாள்.

ருபெர்தோ திருடனுக்குப் பயந்து, கூடைப்பந்து மைதானத்தில் மாட்டுகிற மாதிரி ஒரு விளக்கை மாட்டினார். அவர் வீட்டைவிட எங்கள் மாடிதான் அதில் பளபளத்தது. கண் கூசுகிறது என்று மரிவிக் என் கறுப்புத் துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். என் வீட்டுக்காரர் இறந்தபோது துக்கத்துக்கு நான் போர்த்திய துணி அது.

கறுப்பு முக்காடு, நீளக் குழாய், எதிரே தன் ஜன்னல். மனுஷன் முடிவே கட்டிவிட்டார். புருஷன் கப்பலில் இருக்க, இவள் அடுத்தவன் படுக்கையறையை எட்டிப் பார்க்கிறாள் என்று நடுத்தெருவில் நின்று கத்தினார். அதோடு விடாமல் எங்கள் பேட்டைத் தலைவி கேப்டன் நோர்மாவிடமும் புகார் கொடுத்தார். இந்தப் பேச்சு கப்பலில் வேலை பார்க்கும் என் மகன் காதுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

எங்கள் பக்கம் எந்தச் சண்டைக்கும் முடிவு ஒன்றுதான். ஒரு தட்டு பன்சித் நூடுல்ஸ், ஒரு மன்னிப்பு. கேப்டனும் அதையே சொன்னார். இல்லையென்றால் தொலைநோக்கியை மாடியிலிருந்து இறக்கிவிட வேண்டுமாம். நூடுல்ஸை நானே கிளறித் தருகிறேன் என்று அவசரமாகச் சொன்னேன்.

"மன்னிப்பு கேட்டா செஞ்சேன்னு ஆயிடும். கேக்க மாட்டேன்," என்றாள் மரிவிக். தலை குனியவில்லை. "நீங்களே மாடிக்கு வந்து பாருங்க, கேப்டன்."

இருட்டியதும் கேப்டன் வந்தார். கூடவே பாதித் தெருவும் வந்தது. மரிவிக் குழாயை நேராக ருபெர்தோவின் ஜன்னலுக்குத் திருப்பினாள். கேப்டன் கறுப்புத் துணிக்குள் புகுந்து, குழாயின் திருகுக் குமிழை இப்படியும் அப்படியும் முறுக்கினார்.

"என்னம்மா இது, வெறும் புகையா இருக்கு?"

"இது தூரத்துல இருக்கிறதுக்கு, கேப்டன். பக்கத்து வீடெல்லாம் இதுல தெரியாது."

பிறகு குழாயை மேலே திருப்பினாள். கேப்டன் வெகுநேரம் துணிக்குள்ளிருந்து வரவில்லை. வந்ததும், சனிக்கு வளையம் நிஜமாகவே இருக்கிறது என்று எல்லோரிடமும் தானே கண்டுபிடித்ததுபோலச் சொன்னார்.

ருபெர்தோ நம்பவில்லை. குழாயைத் தன் ஜன்னலுக்கே திருப்பச் சொல்லி, கை வலிக்கும்வரை முறுக்கிப் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகம் தொங்கிப்போயிருந்தது.

"அப்போ இத்தனை நாளா என்னை ஒரு தடவைகூட பாக்கலியா?"

"உன் மூஞ்சியைப் பாக்க போனஸ் எதுக்குய்யா, ஜன்னலைத் திறந்தா போதாதா?" என்றேன். மாடியே சிரித்தது.

இப்போது மன்னிப்பு அவர் பக்கம் வந்துவிட்டது. கேப்டன் முறைக்கவும், ருபெர்தோ தன் சட்டைப் பொத்தானிடம் ஏதோ முனகினார். விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"கேக்கலை, மாமா," என்றாள் மரிவிக். "அன்னிக்கு தெருவுல எவ்வளவு சத்தமா சொன்னீங்களோ, இதையும் அவ்வளவு சத்தமா சொல்லுங்க."

அவர் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் நின்று, தெருவைப் பார்த்துச் சொன்னார். கடைசி வீடுவரை கேட்டது. அப்படியே அந்த விளக்கையும் அணைக்கச் சொல்லடி என்று அவள் காதைக் கடித்தேன். அது வேறு வழக்கு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வேறு யாரும் முந்துவதற்குள் கீழே ஓடி, கப்பலில் இருந்த என் மகனுக்குப் போன் போட்டேன்.

"யார் என்ன சொன்னாலும் இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோடா," என்றேன். "உன் பொண்டாட்டி மன்னிப்பு கேக்கல. கேக்க வச்சா."