தொண்ணூறு நாள்

என் மனைவி அமலினியின் வயிற்றில் மூன்றாவது. வேண்டாம் என்றாள், நானும் சரி என்றேன். அவள் பராமரிக்கும் இத்தாலியக் கிழவி சிஞ்ஞோராவைத் தூக்கித்தான் குளிப்பாட்ட வேண்டும். அந்த வேலை போனால் அந்த வீட்டில் நாங்கள் இருக்கும் அறையும் போய்விடும்.

இத்தாலியில் தொண்ணூறு நாள் வரை கலைக்கலாம். ஆனால் பலேர்மோவில் முக்கால்வாசி டொக்டர்மார் மனச்சாட்சி என்று சொல்லி ஒதுங்கிவிடுவார்கள். அதற்கும் சட்டம் இடம் கொடுக்கிறது. செய்கிற ஒரு டொக்டரைத் தேடிப்பிடிப்பதற்குள் கருவுக்கு எழுபத்தேழு நாள் ஆகிவிட்டது.

எந்தக் கந்தோருக்குப் போனாலும் எங்கள் ஆட்கள் மொழிபெயர்க்க அற்புதமலரக்காவைத்தான் கூட்டிப்போவார்கள். கோயிலில் செபமாலை சொல்பவர். இத்தாலியன் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. இதற்கும் அவரையே கூட்டிப்போனோம்.

டொக்டர் ஒரு தாளை எழுதி, "சேத்தே ஜோர்னி" என்றார்.

"என்னவாம் அக்கா?"

"இருபது நாள் யோசிச்சிட்டு வரட்டாம், பிள்ளை. சட்டமாம்."

"இருபதோ? கீழ்வீட்டுக் கிளறாவுக்கு ஒரு கிழமைதானே சொன்னவை?"

"அது அப்ப. இப்ப மாத்திப்போட்டினம். வடக்கிலை ஒண்டு, இஞ்சை ஒண்டு. நீ என்ன, சட்டம் படிச்ச அப்புக்காத்தோ?"

ஏழு நாள் என்று டொக்டர் சொன்னது எனக்கு விளங்கியது. துறைமுகத்தில் நாள் முழுக்க இத்தாலியன் எண்களோடுதான் மாரடிக்கிறேன். ஆனாலும் வாய் திறக்கவில்லை. இரண்டும் பெட்டைகள், இதாவது பெடியனாக இருக்கட்டும் என்று அந்த நேரம் ஒரு நினைப்பு வந்தது.

இருபது நாள் கழித்து அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் தாளைப் பார்த்துத் தலையாட்டினார். ஏழு விரலை நீட்டிக் காட்டினார். பிறகு கையை விரித்தார். தொண்ணூறு தாண்டி ஏழு நாள். அமலினிக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

வெளியே வந்து பிரான்சில் இருக்கும் தம்பிக்குப் போன் எடுத்தாள்.

"இஞ்சை சட்டம் வேறை, அக்கா. இன்னும் நாள் கிடக்கு. உடனை ரெயின் ஏறு."

"எதைக் காட்டி ஏற? பெர்மெஸ்ஸோ விசா புதுப்பிக்கக் குடுத்திருக்கு. கையிலை ரசீதுத் துண்டுதான் இருக்கு. அதோடை எல்லை தாண்டேலாது."

அற்புதமலரக்கா பக்கத்தில் வந்து அவள் வயிற்றைத் தடவினார்.

"மாதா விடேல்லைப் பாத்தியா? ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய் நான்தான், சொல்லிப்போட்டன்."

அமலினி அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

"ஓம் அக்கா," என்றாள். "வியாழக்கிழமை குவெஸ்துராப் பொலிசிலை விசாக் கைரேகைக்குக் கூப்பிட்டிருக்கினம். வருவியள்தானே?"